உதிராத நெல்

நெல்லின் மரபணுக்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து வாசிக்கிறவருக்கு ஒரு கட்டத்தில் ஒரு சங்கடம் வந்து சேரும். எனக்கு அது வந்து நெடுநாளாகிறது, இன்னும் போகவில்லை. நெல்லிடம் நாம் எவற்றையெல்லாம் மெச்சுகிறோமோ அவற்றுக்கு மூலக்கூறு அளவில் காரணம் தேடிப் போனவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான விடையோடுதான் திரும்பியிருக்கிறார்கள். முற்றிய பிறகும் மணி கதிரிலேயே நிற்கிறதா? உதிர்க்க வேண்டிய மரபணு தளர்ந்துவிட்டது. அரிசி வெள்ளையாக இருக்கிறதா? சிவப்பேற்றும் மரபணு அறுபட்டுவிட்டது. பயிர் குட்டையாக நின்று காற்றுக்குச் சாயாமல் இருக்கிறதா? உயரம் தரும் நொதி இல்லை. சோறு மணக்கிறதா? மணத்தைத் தடுக்கும் நொதி இல்லை. தரையோடு படராமல் நிமிர்ந்து வளர்வதும், மணியின் நுனியில் நீண்ட வால் இல்லாததும்கூட இப்படித்தான். மரபணு என்றால் ஓர் ஆற்றல், நல்ல மரபணு என்றால் கூடுதல் ஆற்றல் என்று பள்ளியில் படித்து வந்த மனம், தட்டிலிருக்கும் சோறு இத்தனை ஆற்றல்கள் அணைந்ததால் கிடைத்தது என்பதை எளிதில் ஏற்பதில்லை. ஏற்றுக்கொண்ட பிறகும் கேள்வி அடங்குவதில்லை. ஒரு செடி தனக்காக வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாக இழந்து நமக்கானதாக ஆகியிருக்கிறது என்றால், அந்த இழப்புகளுக்கு யார் பொறுப்பு? இழந்தவை எங்கே இருக்கின்றன?

முதலில் உதிர்தல். காட்டு நெல்லில் மணி முற்றியதும், அது காம்போடு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய உயிரணு அடுக்கு தானாகவே விட்டுக்கொடுக்கும். காற்று அசைத்தாலும், குருவி வந்து உட்கார்ந்தாலும், எதுவுமே தொடாவிட்டாலும், மணி சேற்றில் விழும். ஒரே கதிரில் மேல்மணிகள் விழுந்துகொண்டிருக்க, அடிமணிகள் இன்னும் பால்பிடித்துக்கொண்டிருக்கும். செடிக்கு அதுதான் வாழ்வு. அறுக்க வருகிறவருக்கு அது வெறுங்கதிர். 2006இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாவோ சாங்கின் குழு, நெல்லின் நான்காம் குரோமோசோமில் எஸ்.எச்.4 என்ற மரபணுவைக் கண்டறிந்தது. டி.என்.ஏ.யில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், அந்த மரபணு தரும் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பராஜின் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் அந்தப் பிரியும் அடுக்கு அரைகுறையாகவே உருவாகிறது. அரைகுறையாக என்பதுதான் இங்கே முக்கியம். அந்த அடுக்கு முற்றிலும் இல்லாமல் போயிருந்தால் மணி கதிரைவிட்டு வரவே வராது. களத்தில் கட்டடித்தாலும் போரடித்தாலும் வைக்கோலோடு போயிருக்கும். அடிக்கும்வரை உதிரக்கூடாது, அடித்தால் உதிர வேண்டும் என்ற இரண்டு ஆசைகளுக்கு நடுவே, பாதி செயலிழந்த ஒரு புரதம் நிற்கிறது. ஒரு நெல்மணியை எடுத்து அதன் அடிப்பகுதியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் காம்பிலிருந்து பிய்ந்த கரடுமுரடான தழும்பு தெரியும். காட்டு நெல்லின் மணியில் அதே இடம் வழுவழுப்பாக இருக்கும். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த கரிந்த நெல்லில் தொல்லியலாளர்கள் தேடுவதும் இந்தத் தழும்பைத்தான்.

அந்தத் தழும்புகள் சொல்லும் செய்தி நம் கற்பனைக்கு ஒத்துவருவதாக இல்லை. சீனத்தின் கீழ் யாங்சி சமவெளியில் தியான்லுவோஷான் என்னுமிடத்தில் கிடைத்த நெல்லை டோரியன் ஃபுல்லரும் சீன ஆய்வாளர்களும் எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 6,900 ஆண்டுகளுக்கு முன்பு உதிராத மணிகளின் பங்கு 27 விழுக்காடு. 300 ஆண்டுகள் கழித்து 39 விழுக்காடு. முந்நூறு ஆண்டு என்பது பத்துப் பன்னிரண்டு தலைமுறை. அதற்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு மணிதான் மனிதர் பக்கம் சாய்ந்திருக்கிறது. எந்த ஒரு தலைமுறையும் தன் காலத்தில் எதுவும் மாறுவதாக உணர்ந்திருக்க முடியாது. உதிராத கதிரைக் கண்டுகொண்டு, இதுதான் வேண்டும் என்று ஒருவர் தேர்ந்தெடுத்தார் என்ற கதை இங்கே நிற்பதில்லை. அறுத்த கையில் மிஞ்சியதே விதையானது. விதைத்தது மறுபடியும் கையில் மிஞ்சியது. அதிலும் எஸ்.எச்.4இன் மாற்றம் மட்டும் தனியாக அவ்வளவு பெரிய வேலையைச் செய்யாது என்று 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். காட்டு நெல்லுக்கு அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் மணி பெரும்பாலும் உதிரவே செய்கிறது. வேறொரு மரபணுவில் இன்னொரு மாற்றமும், விரிந்த கதிரைக் குவித்து வைக்கும் மூன்றாவது மாற்றமும் சேர்ந்தபோதுதான் மணி நின்றது. தனித்தனியே பயனற்ற மூன்று சிறு குறைகள் ஒரே செடியில் சந்தித்திருக்கின்றன. இன்றும் உத்தரப் பிரதேசத்தின் குளங்களில் தின்னி என்ற காட்டு நெல்லைச் சேகரித்து, விரதநாள் உணவாகச் சமைக்கிறார்கள். அதை அரிவாளால் அறுப்பதில்லை. மணி விழுமுன் கூடையை வீசித் தட்டி எடுக்கிறார்கள். உதிரும் நெல்லை அப்படியே உண்ணவும் ஒரு வழி இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. ஆகவே உதிராமை இல்லாவிட்டால் நெல்லுணவே இல்லை என்று சொல்வதற்கில்லை. உதிராமை வந்த பிறகு திரும்ப வழியில்லாமல் போனது என்பதுதான் உண்மைக்கு நெருக்கம். மணி உதிராத செடி நம் கை இல்லாமல் அடுத்த ஆண்டைப் பார்க்காது. அந்தச் செடி இல்லாமல் நாமும் அவ்வளவு தூரம் போக மாட்டோம்.

வெள்ளை அரிசியின் கதை இன்னும் சங்கடம் தருவது. காட்டு நெல்லின் உமியை நீக்கினால் உள்ளே சிவப்பு. மாப்பிள்ளைச் சம்பாவிலும் பூங்காரிலும் நாம் பார்க்கும் அந்தச் செம்மைதான் நெல்லுக்கு இயல்பான நிறம். ஏழாம் குரோமோசோமில் உள்ள ஆர்.சி. என்ற மரபணு அந்த நிறத்தை ஏற்றுகிறது. அதில் 14 எழுத்துகள் விடுபட்டால் அதற்குப் பின்னுள்ள எல்லாமே பொருளிழந்து, அரிசி வெளுக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூசன் மெக்கௌச்சின் குழு உலகெங்குமிருந்து வந்த வெள்ளை ரகங்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய 98 விழுக்காட்டில் இருந்தது இதே 14 எழுத்து இழப்பு. ஜப்பானிகா வகையில் ஒருமுறை நேர்ந்தது, கலந்து கலந்து இண்டிகா வகைகளுக்குள்ளும் புகுந்து நம் ஊர்வரை வந்திருக்கிறது. ஒரு விபத்தை மனிதர்கள் கைமாற்றிக் கைமாற்றி உலகம் முழுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். வெண்மையின் மீது ஏன் அவ்வளவு மோகம் என்பதற்குப் பல விடைகள் சொல்லப்படுகின்றன. எதுவும் எனக்கு நிறைவாக இல்லை. ஆனால் விலை என்ன என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. ஆர்.சி. நிறத்தை மட்டும் கவனிப்பதில்லை. விதையின் உறக்கத்தையும் அதுவே கவனிக்கிறது. களை நெல்லை ஆராய்ந்தவர்கள் 2011இல் இதைக் காட்டினார்கள். சிவப்பு நிறமும், முற்றியவுடன் முளைக்காமல் காத்திருக்கும் குணமும் ஒரே மரபணுவின் இரண்டு வேலைகள். வெண்மைக்காக முதலாவதை விட்டபோது இரண்டாவதும் கூடவே குறைந்தது. உறக்கத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் வேறும் பல உண்டு. எல்லாவற்றையும் இந்த ஒன்றின் மேல் ஏற்றுவது தவறு. ஆனாலும் ஐப்பசி மழையில் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் குறுவைக் கதிர் சாய்ந்து, வயலிலேயே பச்சைப் பசேலென்று முளைத்து நிற்கும்போதும், கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல் 17 விழுக்காடு ஈரப்பதத்தைத் தாண்டி, தார்ப்பாய்க்கு அடியில் புளித்த வாடையோடு வேர்விடும்போதும், அந்த முளைப்பின் பின்னால் மிகப் பழைய ஓர் இழப்பும் இருக்கிறது என்ற எண்ணத்தை என்னால் ஒதுக்க முடிவதில்லை. உறங்கத் தெரியாத விதையை விரும்பியவர்கள் நாம்தான். உடனே விதைத்தால் உடனே முளைக்க வேண்டும் என்பதும் உழவரின் நியாயமான தேவைதான். மழை அந்தத் தேவையை அறியாது.

மணமும் அப்படித்தான். பாசுமதியிலும் தாய்லாந்தின் மல்லிகை அரிசியிலும் எட்டாம் குரோமோசோமின் ஒரு மரபணுவில் எட்டு எழுத்துகள் இல்லை. அந்த மரபணு முழுமையாக வேலை செய்தால், மணப்பொருளாக மாறவேண்டியதை வேறொன்றாக மாற்றிவிடும். வேலை செய்யாததால் மணம் தேங்குகிறது. பானை கொதிக்கும்போது எழும் அந்த வாசனை ஒரு நொதி இல்லாததன் அடையாளம். ஆனால் எல்லா மக்களும் எல்லா இழப்புகளையும் கேட்டு வாங்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சோற்றின் குழைவைத் தீர்மானிப்பது அமைலோஸ் என்ற மாவுப்பொருள். அதை ஆக்கும் வாக்ஸி மரபணுவில் ஓர் எழுத்து மாறி வேலை குறைந்ததால் ஜப்பானிய அரிசி ஒன்றோடொன்று ஒட்டுகிறது. அதே மரபணு 23 எழுத்துகள் இரட்டித்து முற்றிலும் முடங்கியதால், தென்கிழக்காசியாவின் பசை அரிசி கையில் உருட்டித் தொட்டுண்ணும் பதத்தில் இருக்கிறது. உதிரி உதிரியாக வடிந்த சோறு வேண்டும், குழம்பு ஊற்றினால் ஒவ்வொரு பருக்கையும் தனியாக நனைய வேண்டும், ஆறினால் விறைக்க வேண்டும், விறைத்ததை நீரூற்றி வைத்துக் காலையில் பழையதாக உண்ண வேண்டும் என்றிருந்த நம் பக்கத்து நாக்கு, பெரும்பாலும் அந்த மரபணுவை நன்றாக வேலைசெய்யும் நிலையிலேயே வைத்துக்கொண்டது. எது முறிய வேண்டும், எது முறியக்கூடாது என்பதை ஒவ்வொரு அடுக்களையும் தனித்தனியாகத் தீர்மானித்திருக்கிறது. முழுமை என்றாலே பழமை என்றும் எண்ணிவிட முடியாது. கருப்பு அரிசியைப் பலரும் மூதாதை அரிசி என்று கருதுகிறார்கள். ஆனால் அதன் கருமை காட்டு நெல்லிடமிருந்து வந்ததல்ல. ஒரு மரபணுவின் முன்பகுதி இடம்மாறி, அது வேலைசெய்யக்கூடாத இடத்தில் வேலைசெய்யத் தொடங்கியதால் பிற்காலத்தில் வந்த நிறம் அது. இந்த ஒன்று இழப்பல்ல, புதிதாகச் சேர்ந்தது. என் சங்கடத்துக்கு எதிராக இது ஒரு நல்ல சாட்சி என்பதால் மறைக்காமல் வைக்கிறேன்.

இன்னும் வலுவான எதிர்ச்சாட்சியும் ஒன்று உண்டு. மரபணுக்களை நாம் அறிவதே அவை முறியும்போதுதானே? நன்றாக ஓடும் ஒன்றில் எது எதைச் செய்கிறது என்று தெரியாது. ஒன்று நின்றுபோனால் உடனே தெரியும். மெண்டல் தன் தோட்டத்துப் பட்டாணியில் பார்த்த சுருங்கிய விதை, ஒரு மாவுச்சத்து நொதிக்கான மரபணுவுக்குள் வேறொரு டி.என்.ஏ.த் துண்டு புகுந்து அதைக் கெடுத்ததன் விளைவு என்று 1990இல் கண்டுபிடித்தார்கள். அவர் பார்த்த குட்டைச் செடி, ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியை ஆக்கும் வேலை தடைப்பட்டதால் குட்டையானது. மரபியல் என்ற அறிவே பிறந்தபோது குறைகளைத்தான் கண்டது. ஆகவே நெல்லிலும் இழப்புகளே தென்படுகின்றன என்றால், நெல் அப்படி இருப்பதாலா, நம் கண் அப்படிப் பழகியதாலா? இந்தக் கேள்வியை நான் விரைந்து தாண்டிப்போக விரும்பவில்லை. முறிந்தது என்று நாம் சொல்வது காட்டுச்செடியின் பக்கம் நின்று சொல்வது. வயலின் பக்கம் நின்றால் அது பொருந்தி வந்தது. இரண்டு நிலைகளிலும் நின்று பார்த்துவிட்டுத்தான், ‘இழப்பு’ என்றே தொடர்ந்து எழுதுகிறேன். ஏனென்றால் திரும்பிப் போவது எவ்வளவு கடினம் என்பதைப் பொறுத்தவரை இரண்டும் சமமல்ல. ஓடும் மரபணுவை நிறுத்த ஒரு விபத்து போதும். பல எழுத்துகளைப் பறிகொடுத்து நின்றுபோனதை முன்பிருந்தபடியே ஓடவைக்க இன்னொரு விபத்து போதாது. அதன் முழுப்பிரதி வேறெங்காவது இருந்தாக வேண்டும்.

உயரத்தின் கதை இதைத்தான் சொல்கிறது. தைவானிலிருந்து வந்த டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல்லையும் பீட்டா என்ற நெட்டை நெல்லையும் சேர்த்துப் பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஐ.ஆர்.8, 1966இல் வெளிவந்தது. உரம் போட்டால் நெட்டை நெல் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். இது நிமிர்ந்து நின்று உரத்தை மணியாக்கியது. பஞ்சத்தின் அச்சம் நீங்கியதில் அந்தக் குட்டைத்தனத்துக்குப் பெரிய பங்குண்டு. அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. காரணம் 2002இல் தெரிந்தது. எஸ்.டி.1 என்ற மரபணுவிலிருந்து 383 எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. ஜிப்ரலினை ஆக்கும் ஒரு நொதி கிட்டத்தட்ட இல்லாமலானது. தண்டு குட்டையானது, கதிர் குட்டையாகவில்லை. வைக்கோலும் குட்டையானது; மாட்டுக்கும் கூரைக்கும் அதை நம்பியிருந்தவர்களின் வீட்டில் அந்த 383 எழுத்துகளின் குறை வேறுவிதமாகத் தெரிந்தது. இதுவரை பழகிய கதை. ஆனால் 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சொன்னது என்னை நிறுத்திவிட்டது. வங்கதேசத்தின் ஆழ்நீர் நெல், வெள்ளம் ஏறஏறத் தானும் ஏறி, ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட வளர்ந்து தலையை நீருக்கு வெளியே வைத்திருக்கும். அப்படி அதை உந்துவது எது என்று தேடியபோது கிடைத்தது அதே எஸ்.டி.1. அங்கே அது முறியவில்லை. நீரில் மூழ்கினால் பலமடங்கு வேகத்தோடு வேலைசெய்யும்படி கூர்மையாகியிருந்தது. அந்த வடிவம் வங்கதேசக் காட்டு நெல்லிலிருந்தே வந்ததாகவும் தெரிந்தது. ஒரே மரபணு, பாசன வயலில் அதை அணைத்ததால் கோடிக்கணக்கானோர் உண்டார்கள், வெள்ளக் காட்டில் அதை ஏற்றியதால் வேறு கோடிக்கணக்கானோர் உண்டார்கள். இரண்டில் எது நல்ல மரபணு என்று கேட்பதற்கே இடமில்லை. இரண்டும் ஒரே காலத்தில் இரு வேறு நிலங்களில் இருந்ததுதான் நல்லது.

வெள்ளத்துக்கு நெல்லிடம் இன்னொரு விடையும் உண்டு. அது எழுந்து ஓடுவதற்கு நேர் எதிரானது: அசையாமல் இருப்பது. ஒடிசாவின் தாளபுட்டியா என்ற உள்ளூர் நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ ஏறக்குறைய இரண்டு வாரம் முழுவதுமாக மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். சாதாரண நெல் மூழ்கியதும் பதற்றத்தில் இலையை நீட்டி, சேமித்த மாவுப்பொருளைச் செலவழித்து, வடியும்போது வெறும் நாராகச் சரியும். எஃப்.ஆர்.13ஏயில் உள்ள சப்1ஏ என்ற மரபணு அந்த நீட்டத்தை அடக்கி, சேமிப்பைக் காத்து, செடியைக் காத்திருக்க வைக்கிறது. 2006இல் அது அடையாளம் காணப்பட்டது. 2009இல் ஸ்வர்ணா ரகத்தில் சேர்த்து இந்தியாவில் வெளியிட்டார்கள். டெல்டா உழவர்கள் சம்பாவில் நெடுநாளாக விதைத்துவரும் சி.ஆர்.1009க்கும் பின்னர் அது வந்து சேர்ந்தது. கார்த்திகையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு தண்ணீர் வயலில் நிற்கும்போது, ஒடிசாவின் பெயர்தெரியாத உழவர்கள் விதைத்து விதைத்துக் காத்த ஒரு மரபணு நம் பயிருக்குள் மூச்சடக்கிக்கொண்டிருக்கிறது. இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒன்றைத்தான். 2005இல் இந்தியா உட்படப் பல நாடுகள் சேர்ந்து நெல்லின் முழு மரபுத்தொகுதியை வாசித்து வெளியிட்டபோது, வாசித்தது நிப்பான்பாரே என்ற ஒரே ஜப்பானிய ரகத்தை. அதுவே உலகின் அளவுகோலானது. அந்த அளவுகோலில் சப்1ஏ இல்லை. ஆழ்நீர் நெல்லை நீட்டுவதில் பங்குள்ள ஸ்நார்க்கெல் மரபணுக்களும் இல்லை. மணிச்சத்து குறைந்த நிலத்தில் வேர்விட உதவும் பி.ஸ்டோல்1, இந்தியாவின் காசலத் என்ற எளிய நெல்லில் இருக்கிறது, நிப்பான்பாரேயில் இல்லை. வெள்ளத்திலும் வறண்ட மண்ணிலும் விளைவித்தவர்களுக்குத் தேவைப்பட்டவை, நீரும் உரமும் நிறைந்த நிலத்தின் நெல்லில் தேவையற்றுப் போயிருந்தன. பின்னர் 3,010 ரகங்களை வாசித்து 2018இல் வெளியிட்டபோது, அளவுகோலில் இல்லாத புதிய மரபணுக்கள் 10,000க்கு மேல் கிடைத்தன. நெல் என்று நாம் சொல்வது எந்த ஒரு நெல்லிலும் முழுமையாக இல்லை.

வயலில் ஒரு காட்சி உழவர்கள் எல்லோரும் அறிந்தது. நட்ட நெல்லுக்கு நடுவே கொஞ்சம் உயர்ந்து, கொஞ்சம் வெளிறி, அச்சு அசலாக நெல்லைப் போலவே ஒரு செடி நிற்கும். பூக்கும்வரை எளிதில் பிரித்தறிய முடியாது. அறுப்புக்கு முன்னால் அதன் மணிகள் மண்ணில் கொட்டிவிட்டிருக்கும்; உள்ளே சிவப்பு; மண்ணுக்குள் உறங்கி, இரண்டு பருவம் கழித்துக்கூட எழும். களை நெல் என்ற இது பெரும்பாலான இடங்களில் காட்டிலிருந்து வந்ததல்ல. பயிர் நெல்லே மீண்டும் தன்வழி போனது. அமெரிக்காவின் களை நெல்லை ஆராய்ந்தபோது, உதிராமைக்கான எஸ்.எச்.4 மாற்றம் அதில் அப்படியே இருந்தது. ஆனாலும் மணி உதிர்ந்தது. பழைய வழி அடைபட்ட பிறகு வேறு மரபணுக்கள் வழியாக அது விடுதலை தேடிக்கொண்டது. விளைச்சலைத் தின்னும் இந்தச் செடியை உழவர் பிடுங்கி எறிவது நியாயம். அவரிடம் அதைப் போற்றச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நெல் நமக்கு முழுவதுமாக இணங்கிவிட்டது என்ற நம்பிக்கையை அது உடைக்கிறது. ஏழாயிரம் ஆண்டு உடன்பாட்டின் மறுபக்கத்தில் இருப்பது ஓர் உயிர். அதற்கும் ஒரு போக்கு உண்டு.

2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை ஒன்றிய வேளாண் அமைச்சர் அறிவித்தார். சம்பா மசூரி என்கிற பி.பி.டி. 5204லிருந்து உருவான கமலா ஒன்று, எம்.டி.யு. 1010லிருந்து உருவான பூசா டி.எஸ்.டி. அரிசி 1 மற்றொன்று. கமலாவில் சைட்டோகைனின் என்ற ஊக்கியைச் சிதைக்கும் நொதி முடக்கப்பட்டதால் கதிரில் மணிகள் கூடுகின்றன. மற்றதில் டி.எஸ்.டி. என்ற மரபணு முடக்கப்பட்டதால் வறட்சியையும் உப்பையும் செடி தாங்குகிறது. வறட்சி, உப்பு, தாங்குதல் என்று பெயரிலேயே கொண்ட மரபணு, முறிந்தால்தான் அந்தத் தாங்குதலைத் தருகிறது. இரண்டுமே இழப்புகள். யாங்சிக் கரையில் முந்நூறு ஆண்டுகளில் நூற்றுக்குப் பன்னிரண்டாக நகர்ந்தது, இப்போது ஆய்வகத்தில் சில பருவங்களில் முடிந்துவிடுகிறது. இந்தத் தொழில்நுட்பத்தைக் கண்டு அலறுவோரோடு என்னால் சேர முடியவில்லை. நெல் இதுவரை வந்த வழியும் இதுவேதான். கவலை வேறிடத்தில் இருக்கிறது. 2022இல் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிவிலக்கின்படி, வெளியிலிருந்து எந்த மரபணுவும் சேர்க்கப்படாத திருத்தங்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடும் விதிகள் பொருந்தா. அந்நியமானது எதுவும் உள்ளே வந்ததா என்று சட்டம் கேட்கிறது. இல்லை என்றால் வழிவிடுகிறது. பி.டி. கத்தரிக்காய் மீதான விவாதத்திலிருந்து நம் அச்சம் முழுவதும் சேர்ப்பதைச் சுற்றியே இருந்துவந்தது. ஆனால் நெல்லின் வரலாறு பெரும்பாலும் எடுப்பதாலும் அணைப்பதாலும் ஆனது. எடுத்ததைப் பற்றிக் கேட்க நம்மிடம் ஒரு விதியும் இல்லை. எது நிறுத்தப்பட்டது, அது நிற்காமல் ஓடும் நெல் எங்கே விளைகிறது, யார் விதைக்கிறார்கள், இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து அது வேண்டுமென்றால் யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விகளுக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

இதற்கெல்லாம் விதை வங்கி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பிலிப்பைன்சின் லாஸ் பான்யோஸில் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் கடுங்குளிரில் காக்கப்படுகின்றன. அதன் அருமையை அறிந்தே சொல்கிறேன். எழுபதுகளில் புல்குட்டை வைரஸ் ஆசியாவின் நெல்லை அழித்தபோது, ஆயிரக்கணக்கான மாதிரிகளைத் துழாவிய குர்தேவ் குஷ் குழுவினருக்கு எதிர்ப்பாற்றல் கிடைத்தது உத்தரப் பிரதேசத்தின் ஒரு காட்டு நெல்லில் மட்டும்தான். யாரும் உண்ணாத, உதிரும், சிவந்த, படரும் அந்தச் செடியை எவரோ ஒருவர் சேகரித்து வைத்திராவிட்டால் 1976இன் ஐ.ஆர்.36 இல்லை. ஆனால் உறைகுளிரில் இருக்கும் விதை, எழுபதுகளின் மண்ணைத்தான் அறியும். அதற்குப் பின்னால் வந்த பூச்சியையும் உப்பையும் வெயிலையும் அது சந்திக்கவில்லை. எந்தப் பட்டத்தில் விதைப்பது, எந்தக் களர் நிலத்துக்கு எது ஆகும், எந்த அரிசி கஞ்சிக்கு, எது பிள்ளை பெற்றவளுக்கு என்ற அறிவையும் குளிர்ப்பெட்டியில் வைக்க முடியாது. மறைந்த நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தின் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதையைக் கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னது ஏக்கத்தால் அல்ல என்றே நான் புரிந்துகொள்கிறேன். முழுப்பிரதிகளை ஓடும் நிலையில் வைத்திருக்கும் வழி அது. அவரும் அவரைப் போன்றோரும் தங்கள் கைச்செலவில் செய்த அந்தக் காரியம் பண்பாட்டுப் பணியாகப் பாராட்டப்படுகிறது. மரபியல் பணியாக மதிக்கப்படுவதில்லை.

நெல்லை நம்மால் உண்ண முடிவதே அது பலவற்றை இழந்ததால்தான். இதை ஏற்றுக்கொள்ளாமல் சோற்றைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது. இழப்பைக் குற்றமாக்கி, எல்லோரும் காட்டு நெல்லுக்குத் திரும்புவோம் என்பது பசியறியாப் பேச்சு. ஆனால் ஒவ்வொரு இழப்பும் நல்லதாக இருந்ததற்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஓரிடத்தில் அணைந்தது வேறிடத்தில் எரிந்துகொண்டிருந்தது. தஞ்சையில் குட்டையானபோது வங்கத்தில் நெட்டையாக ஏறிக்கொண்டிருந்தது. கடைகளில் வெளுத்தபோது மலையிலும் குளத்திலும் சிவந்திருந்தது. அந்த நிபந்தனையை யாரும் எழுதிவைக்கவில்லை. நிலங்கள் பலவாக இருந்ததாலும், நாக்குகள் பலவாக இருந்ததாலும், உழவர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்காமல் இருந்ததாலும் அது தானாக நிறைவேறி வந்தது. இனித் தானாக நிறைவேறாது. ஒரே திருத்தம் ஒரே ஆண்டில் பல லட்சம் ஏக்கருக்குப் போகும் காலத்தில், அந்த நிபந்தனையை நாம்தான் எழுத வேண்டும். ஒரு ரகத்தை வெளியிடும் அறிவிப்பில் கூடுதல் மகசூல் எவ்வளவு, நாள் எவ்வளவு என்று சொல்வதோடு, அதில் அணைக்கப்பட்ட மரபணு முழுதாக ஓடும் நெல் எந்த மாவட்டத்தில் எத்தனை ஏக்கரில் விளைகிறது, அதை விளைவிப்பவருக்கு அரசு என்ன தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த வெளியீடு இன்னும் முழுமையடையவில்லை என்று கொள்ள வேண்டும். விளைச்சலுக்குக் கொடுக்கும் விலையைப் போலவே, விளைச்சல் குறைந்தும் முழுமையைக் காக்கிறவருக்கும் ஒரு கூலி உண்டு. ஏழாயிரம் ஆண்டுகளாக அந்தக் கூலி கொடுக்கப்படவே இல்லை.